அக்கா வேண்டாம் என்ற தண்ணீர்

என் பிள்ளைகள் இருவருக்கும், அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதப் பயமாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிடப் பயம்.

எனக்கு அக்கா, உங்களுக்கு அத்தை. வடக்குப்பட்டில் பிறந்து, மணிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்றே வருடத்தில் மாமாவைப் பறிகொடுத்து நம் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு துணிப்பை, ஈரச் சாக்கில் சுற்றிய நாலு செம்பருத்திக் குச்சி. நாலும் துளிர்த்தன. மாவுப்பூச்சி விழுந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, இலை இலையாகத் துடைப்பார்கள். பூத்து ஓய்ந்த கிளையை இரக்கமே இல்லாமல் வெட்டுவார்கள்.

அந்தக் கைராசியால்தான், ஒரகடம் பக்கம் நான் செக்யூரிட்டியாக இருந்த கம்பெனியில் அக்காவுக்குத் தோட்ட வேலை கிடைத்தது. காண்ட்ராக்ட் வேலை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். நீங்கள் இருவரும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

ஒரு வருடம் கொரியாக்கார மேனேஜர் தன் நாட்டுப் பூச்செடி என்று பன்னிரண்டு செடிகளைக் கேட் ஓரம் வைக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். நம் செம்பருத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். ஊதாப் பூ, நடுவில் சிவப்பு. மார்கழியில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டி, பன்னிரண்டும் வெறும் குச்சியாக நின்றன.

சூப்பர்வைசர் குதித்தார்.

"இன்னாம்மா, செடி வெக்கச் சொன்னா வெறகு நட்டு வெச்சிகீற? மேனேஜர் திரும்பி வர்றப்ப ஒண்ணு செத்திருந்தாலும் நீ தோட்டத்துல இல்ல."

அக்கா நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினார்கள். உள்ளே பச்சை.

"சாவல சார், தூங்குது. யாரும் தண்ணி ஊத்தாதீங்க. களிமண்ணு, வேரு அழுவிப்பூடும்."

எனக்கு மனம் கேட்கவில்லை. காலை ஷிஃப்டில் நிற்கும்போதெல்லாம் அந்தக் குச்சிகள்தான் கண்ணில் படும். அக்கா வேலை போனால் உங்கள் படிப்பு என்ன ஆகும் என்று நினைப்பேன். இலை இல்லாத செடி தாகத்தில் இருக்கிறது என்றே என் புத்திக்குப் பட்டது. அக்கா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, என் கூண்டுக்குப் பக்கத்திலிருந்த மூன்று செடிகளுக்குப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். மண் காயவே இல்லை. அதையும் நல்லது என்றே நினைத்தேன்.

பங்குனியில் ஒன்பது செடிகள் துளிர்த்தன. அந்த மூன்றும் இழுத்தால் கையோடு வந்தன. வேர் கறுத்து நாறியது.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

நான் பக்கத்திலேயே நின்றேன்.

"நான்தான் சார்," என்றார்கள் அக்கா.

மறுநாளே அக்காவைக் கேன்டீனில் தட்டுக் கழுவ அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்த பெண்கள், "வாமே வேரழுக்கி, சாம்பார்லயும் தண்ணி ஊத்திடப்போற!" என்று கிண்டல் செய்வார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்கள். சோப்புத்தூளில் விரல் தோல் உரிந்துபோயிருக்கும். வீட்டில் சோறு பிசையும்போது எரியும். அதைப் பார்த்தும் நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் போயின.

போன வருடம் அக்கா மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அந்த மூணு செடி..."

"தெரியுண்டா. சேத்துல உன் பூட்ஸ் தடம் கெடந்துதே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லி? உன் வேலையும் பூட்டா புள்ளைங்களுக்கு இன்னாடா வழி?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள். "நீ வேலைய வுட்டு நின்னப்புறமாவது நீயே சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."

இரண்டு நாளில் போய்விட்டார்கள்.

அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கும் நன்றி. அந்த மேனேஜர் தன் நாட்டுக்கே போய்விட்டார். சூப்பர்வைசர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. நான் போய்ச் சொல்ல இனி ஆளில்லை.

ஆனால் கேன்டீனில் அக்காவோடு வேலை பார்த்த நீங்கள் இன்று வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் என் நன்றி. அந்தச் செடிகளைக் கெடுத்தவன் நான். வேரழுக்கி என்று இனிமேல் என்னைக் கூப்பிடுங்கள். என் பிள்ளைகள் எதிரிலேயே கூப்பிடுங்கள்.