இருமுறை கழுவிய கை

மனைவி போன பிறகு சிவனேசனுக்கு இருந்த ஒரே துணை, சனிக்கிழமைகளில் மனுரேவா புறநகரிலிருந்த தன் வீட்டுக் கராஜில் ஈயம் உருக்கி ரைஃபிள் தோட்டா வார்ப்பதுதான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அதே விரல்களால் சோறு பிசைந்து தின்பார். ஒருநாள் பரிசோதனையில் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது.

"அந்த வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிட்டு வரமாட்டேன்பா," என்றாள் மகள் விஷாலினி.

"சனி பிடிச்சிருக்கு. எள் விளக்கு போடு," என்றார் நண்பர் ராஜூ.

"விளக்கா வந்து என் கையைக் கழுவும்? தப்பு என்னுதுலா, சனியை ஏன் இழுக்கிற?"

உலையையும் அச்சையும் ரைஃபிள் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, கராஜைத் தேய்த்துக் கழுவினார். ஆறு மாதத்தில் ஈயம் இறங்கியதும் மகளுக்குத்தான் முதலில் சொன்னார்.

"சந்தோஷம்பா. இந்த வாரம் பிஸி, பார்க்கலாம்."

சனிக்கிழமை சோப்புப் போட்டு இருமுறை கை கழுவினார். தனியாக உட்கார்ந்து சோறு பிசைந்தார்.