அஞ்சலை அக்காவின் தகர வேலி

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் தெரியாது.

"ஐயா, வேலியில ஒட்டிட்டுப் போயிருக்காங்க. என்னான்னு பாருங்க."

பார்த்தேன். சாலையோர வேலி தகரத்தில் இருக்கக் கூடாதாம். மரச்சட்டம் அல்லது செடிதான் இருக்கலாமாம். நாலடிக்கு மேல் உயரக் கூடாது. மரமென்றால் வெள்ளை பெயிண்ட். ஏழு நாள் கெடு.

அண்ணனுடைய வேலி அழகுக்குக் கட்டியதல்ல. மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி, ஆளுயரத்துக்கு அடித்து வைத்தது. அதன் மறைவில்தான் அவர் மனைவி அஞ்சலை அக்கா குளிப்பார். ரோடு போடும் வேலையில் கல் சரிந்து விழுந்ததிலிருந்து அக்காவுக்குக் கால் வராது. பொதுக் குழாயடி வரை நடக்க முடியாது. வீட்டுக்குப் பின்னாலோ நேரே சாக்கடை.

இந்த விதியை எழுதிய துரைக்கு இதெல்லாம் தெரியுமா? அவர் குளிப்பது வீட்டுக்குள்ளே, தொட்டியில்...

மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இரண்டு பக்கம் எழுதி, அண்ணனையும் அழைத்துக்கொண்டு நகரசபை ஆபீசுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நம் ஆள்தான், தமிழர். மனுவைப் படித்தார், நாலாக மடித்தார்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். ஒருத்தருக்கு விட்டா ரோடே வந்து நிக்கும்."

"அந்த அம்மா எங்கே குளிக்கிறது?"

"அது வேலி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையே சார்."

பிறகு சிரித்தபடி டிராயரிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். "இது நீங்க எழுதினதுதானே? துரைக்கு மொழிபெயர்த்துச் சொன்னதே நான்தான். அன்னைக்கே நோட்டீஸ் போடச் சொல்லிட்டாரு."

வாராவாரம் இங்கே நான் எழுதும் பத்திதான். நம் தெரு டின் தொழிற்சாலை போலிருக்கிறது என்று கிண்டலடித்தேனே — பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்களே — அதேதான்.

மாரிமுத்து அண்ணன் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க எழுதினதாங்கய்யா?"

"ஆமாம் அண்ணே."

வீடு வரும் வரை அவர் எனக்கு முன்னாலேயே நடந்தார்.  

ஏழாம் நாள் தகரம் இறங்கியது. செம்பருத்திக் கொம்புகளை வரிசையாக நட்டார் அண்ணன். முழங்கால் உயரம். விதிக்குத் திருப்தி. ஆனால் அஞ்சலை அக்கா நாலு நாள் குளிக்கவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலை நான் சாத்தியே வைத்தேன். என்னால் முடிந்த சமூக சேவை!

ஐந்தாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் அளவு டேப்போடு சைக்கிளில் வந்து இறங்கினார். அக்கா அவரைப் பார்த்ததும் முற்றத்தில் முக்காலியைப் போடச் சொன்னார். மார்பு வரை கைலி கட்டி, புருஷன் தோளைப் பிடித்து வந்து உட்கார்ந்து, தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

"அம்மா, உள்ள போங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"உள்ள ஊத்தினா தரைப் பலகை ஊறிடும் தம்பி. நீங்க அளங்க. நான் பாட்டுக்குக் குளிக்கிறேன்."

பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அவர்கள் அக்காவைப் பார்க்கவில்லை. டேப்பைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்து நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள்.

"ஒரு மறைப்பாவது வெச்சுக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"வெச்சிருந்தோமே. இப்ப எதுல வெக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் முதுகைக் காட்டியபடி வெகுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "குளியலறைன்னா... தகரத்துல அடைக்கலாம். வேலியிலேருந்து மூணடி உள்ள தள்ளி. அது வேலியில சேராது."

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி."

எழுதிக் கொடுத்தார். ஈரக் கையாலேயே வாங்கிக்கொண்டார் அக்கா.

அன்று மாலையே அதே தகரம், அதே துருவோடு, மூன்றடி தள்ளி எழுந்தது. சாலையில் போகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நேற்று வரை குற்றம், இன்று குளியலறை. விதிகளுக்குக் கண் கிடையாது, பெயர் மட்டும்தான் தெரியும்.

நானும் சுத்தியலோடு போய் நின்றேன். அண்ணன் தகரத்தின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"மன்னிச்சிடுங்க அக்கா," என்றேன்.

வாசற்படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "சரி, இறுக்கிப் பிடிங்க. இதையும் எழுதி வெச்சிடாதீங்க."

மாட்டேன் என்றுதான் சொன்னேன். என்ன செய்ய... இந்த வாரம் வேறு விஷயம் கிடைக்கவில்லை.