மானுக்கு வைத்த தீ

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த லாலாங் புல்வெளிக்கு என் தாய்மாமா தீ வைத்தார். தீ வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். அவர் வேலை பார்த்த பகாங் காட்டில் முற்றிய புல்லை அளவாகக் கொளுத்துவார்கள். இளம்புல் துளிர்த்ததும் மானும் காட்டெருமையும் மேய வரும். இதற்குச் சம்பளம் உண்டு என்பதை எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை, முக்கியமாக ஆட்டுப்பால்காரர். அவர் மகளைத் தன் தம்பிக்குக் கேட்டுப் போன அம்மாவை, "காட்டக் கொளுத்துறவனுக்குப் பொண்ணு கொடுக்க நான் என்ன கிறுக்கனா?" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த விடுப்பில் வந்த மாமா, தீ தாண்டாதபடி புல்வெளியைச் சுற்றி வெட்டித் தரையாக்கினார். காற்று அடங்கியதும், ஈரச்சாக்கோடு அப்பாவைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் பற்றவைத்தார். தீ சொன்ன இடத்தில் நின்றது. புகைதான் சொல்பேச்சுக் கேட்கவில்லை. தெருவில் காய்ந்த வேட்டி, கைலி எல்லாம் கரி பூசிக்கொண்டதில் அம்மாவுக்கு ஒரு வாரம் வாய் ஓயவில்லை.

"இனிமே பாரு, மான் வரும்," என்றார் மாமா. எனக்கு ஏழு வயது. நம்பினேன்.

புல் துளிர்த்தது. வந்தவை பால்காரரின் ஆடுகள். அவற்றை ஓட்டிப்போக அவர் மகள் வந்தாள். மானுக்கு வளர்த்த புல்லை ஆடு தின்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குச்சியெடுத்து விரட்டினால் மாமா, "பாவம்லா, மேயட்டும் விடு," என்பார். அந்த அக்காவும் ஆடுகளை மறந்து அவரோடு பேசிக்கொண்டே நிற்பாள். நாலு ஆட்டை ஓட்டிப்போக இருட்டிவிடும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே பால்காரரிடம் போனேன்.

"ஐயா, ஒங்க ஆடு எங்க மான் புல்லத் தின்னுது. அக்காவும் ஓட்ட மாட்டேங்குறாங்க. தெனமும் எங்க மாமாகூட பேசிக்கிட்டே நிக்கிறாங்க."

கறந்துகொண்டிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரே ரகளை. "கடைசியில என் வீட்டுலயே நெருப்ப வெச்சிட்டியேடா!" என்று மாமாவின் சட்டையைப் பிடித்தார் பால்காரர். புல் விஷயத்தை விளக்க நான் தயாராக நின்றேன்; யாரும் கேட்கவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை முடித்தார்கள்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணச் சீராக இரண்டு ஆடுகளும் வந்தன. வந்ததும் வராததுமாகப் புல்லில் இறங்கிவிட்டன. புகார் கொடுத்தவள் வீட்டுக்கே ஆட்டை அனுப்பும் நியாயம் எந்த ஊரில் உண்டு? அழுது தீர்த்தேன்.

மாமா என்னை ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், கடையிலேயே நல்ல கவுனாகப் பார்த்து வாங்கித் தந்தார். மான் வராமல் போனதற்குத்தான் இந்த ஈடு என்று நினைத்து, பெருந்தன்மையோடு அவரை மன்னித்துவிட்டேன்.