நாலு ஃபிளாஸ்க் மந்திரிசபை

வேன் கதவருகே வந்ததும் அவர் நின்றுவிடுகிறார். ஒரு கையில் பழுது பார்த்த மோட்டார், தோளில் சுருட்டிய குழாய். ஆனாலும் நிற்கிறார். மூச்சு இழுத்து விடும் நேரம்தான். யாராவது ஓடிவந்து கதவைத் திறப்பார்கள் என்று உடம்பு தன்பாட்டுக்குக் காத்திருக்கிறது. ஓட்டுகிற இடத்தில் இருக்கும் அவர் மனைவி ஹாரனை ஓங்கி அழுத்துகிறார். "என்ன மந்திரி சார், நான் இறங்கி வந்து தொறந்து விடணுமா?" அவர் அசடு வழிந்தபடி கதவைத் திறக்கிறார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் மந்திரிதான். வாண்டுகள்கூட 'மந்திரி மாமா' என்றுதான் கூப்பிடுகின்றன. தொழில், தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பாதி ஊர் மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றிக் கொடுத்தவர். கூப்பிட்ட நேரத்துக்கு வரும் ஒரே ஆள் இவர்தான் என்று சனங்கள் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தி, ஜெயிக்கவும் வைத்துவிட்டார்கள். மனிதருக்குப் போதாத காலம், நான்கு கட்சிகள் கூடி ஆட்சி அமைக்கப் பார்த்தபோது சரியாக ஒரு ஆள் குறைந்தது. கிரீஸ் கையோடு இருந்தவரை அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் குடிநீர் மந்திரி ஆக்கினார்கள்.

அந்த ஆட்சி உங்களுக்கு நினைவில்லை என்றால் உங்கள்மேல் தப்பே இல்லை. போஸ்டர் பசை காய்வதற்குள் கவிழ்ந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் இவர் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பிக்கிறார். "மந்திரிசபைக் கூட்டத்துல டீக்கே நாலு ஃபிளாஸ்க்குங்க. ஒரு கட்சி ஃபிளாஸ்க்க இன்னொரு கட்சி தொடாது. நான் எந்தக் கட்சியும் இல்லையா, என் பக்கம் எதுவுமே வராது. நாக்கு வறண்டுபோய் உக்காந்திருப்பேன், குடிநீர் மந்திரி!"

நான்கு கட்சிகளுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நான்கு தலைவர்களும் ஒன்றாக வந்து நிற்காமல் எதையும் திறக்கக்கூடாது. பேர் ஒருத்தருக்கே போய்விடக்கூடாதல்லவா! பேருந்து நிலையத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறை, நால்வருக்கும் ஒரே நாள் ஒத்துவராமல் கடைசிவரை பூட்டியே கிடந்ததாம். அவசரக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

சிரிப்பு மேட்டுத் தெருவில் வந்து நின்றுவிடும். ஊரின் உச்சியில் இருக்கிற தெரு அது. லாரித் தண்ணீர்தான் கதி. லாரியும் மேலே ஏறாது, குடத்தோடு சனம்தான் படியிறங்க வேண்டும். மந்திரியானதும் இவர் செய்த ஒரே உருப்படியான காரியம், அங்கே குழாய் கொண்டுபோனது. அதிகாரிகள் பதறப் பதறச் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்தார். தெரு முனையில் வால்வும் பொருத்தியாயிற்று. அதைத் திருகும் நீளமான இரும்புச் சாவியைத் தன் பட்டறையிலேயே அடித்துக் கொண்டுபோனார். வால்வைத் திறக்க நான்கு தலைவர்களும் வந்தார்கள். ஒரே சாவி. நான்கு கையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்றார் ஒருவர். அப்படியானால் யார் கை மேலே என்றார் இன்னொருவர். வாய்ச்சண்டை முற்றி, நால்வரும் நாலு காரில் ஏறிப் போனார்கள். அந்தக் கோபத்திலேயே ஒரு கட்சி விலகியது, ஆட்சியும் போயிற்று. அடுத்து வந்தவர்கள், பழைய ஆட்சியின் குழாய் என்று விசாரணை போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

"வால்வு வரைக்கும் தண்ணி வந்து நிக்குதுங்க. காத வச்சா சத்தம் கேக்கும்" என்கிறார். "அன்னிக்கு அவங்க போனப்புறம் சாவி என் கையிலதான் இருந்துச்சு. ஒரு திருகு. மந்திரி நான்தானே? பெரியவங்க வந்துதான் தொறக்கணும்னு நின்னுட்டேன். நெனச்சாலே வெக்கமா இருக்கு." சாவி இன்றைக்கும் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது.

மேட்டுத் தெருவில் அவருடைய அக்கா இருக்கிறார். இவரைத் தூக்கி வளர்த்தவர். போன மாதம் குடத்தோடு படியேறும்போது விழுந்து இடுப்பில் அடி, படுக்கையில் கிடக்கிறார். தம்பி பார்க்கப் போனால் உட்காரச் சொல்வார். குடிக்க மட்டும் எதுவும் தரமாட்டார். "உனக்குக் குடுக்கத் தண்ணி ஏதுடா தம்பி?" அவ்வளவுதான் கேட்பாராம். இதைச் சொல்லிவிட்டு மந்திரி கீழே வைத்த மோட்டாரை மறுபடி கையில் எடுத்துக்கொள்கிறார்.

நேற்று நான் கடையில் இருந்தபோது என் வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடை வாசலில் பளபளவென்று ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நாலு கட்சிகளில் ஒன்றின் செயலாளர். இப்போதைய ஆட்சியும் ஆட்டம் கண்டிருக்கிறது என்பதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

"அண்ணே, நாங்க மறுபடியும் சேந்துட்டோம். ஒரே ஒரு ஆள்தான் குறையுது. அதே குடிநீர் இலாகா, உங்களுக்குத்தான்!"

மந்திரி கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மேட்டுத் தெரு வால்வ எப்பத் தொறப்பீங்க?"

"அதுக்கென்னண்ணே, முதல்ல ஆட்சி வரட்டும். தலைவருங்க நாலு பேரும் கூடி உக்காந்து, ஒரு நல்ல நாளாப் பாத்து..."

"டீக்கு எத்தனை ஃபிளாஸ்க்?"

செயலாளர் சிரித்துவிட்டார். "அது நம்ம பழக்கம்தானேண்ணே!"

மந்திரி சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரிலிருந்து சாவியை எடுத்துத் தூசியைத் தட்டினார். செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, விசாரணையில இருக்கறதத் தொட்டா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. வரப்போற பதவியும் போயிடும்!"

"போனாப் போகுது, போங்க."

என் மோட்டார் மேசைமேல் பிரித்தது பிரித்தபடி கிடந்தது. சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். செயலாளரின் டிரைவர் பழக்கதோஷத்தில் ஓடிவந்து காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். மந்திரி அதைத் தாண்டி நடந்தார்.

காருக்குப் பின்னால் வேன் நின்றது. அவர் வருவதைப் பார்த்ததும் மனைவி வழக்கம்போல ஹாரனை அழுத்தக் கையை ஓங்கினார். அதற்குள் அவர் கதவைத் திறந்து ஏறியிருந்தார்.