மூன்றாம் அங்கத்துப் பிணம்

நாடகக் கல்லூரியில் முதல் வருஷம் முடித்த கையோடு அவளுக்குக் கிடைத்தது பிணத்தின் வேஷம். செய்யுள் வசனம், மரக் கத்தி, வெல்வெட் அங்கி என்று எல்லாவற்றையும் பழைய முறைப்படியே செய்கிற நாடகக் குழு அது. கோடை விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டு அங்கிகளுக்கு இஸ்திரி போடச் சொல்வார்கள். இவள் ஒல்லி, தூக்கிவர வசதி என்பதால், மூன்றாம் அங்கத்தில் இறந்துபோகும் இளவரசியாக்கினார்கள். இளவரசி சாவது மேடைக்கு வெளியே. உள்ளே வருவது உடம்பு மட்டும்தான்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறவருக்குத் தன் பிள்ளை போகிற வழி மட்டும் பிடிபடவில்லை. சித்தப்பா வேறு ஒரு கல்லூரியில் காமர்ஸ் சீட்டுக்குப் பேசி வைத்திருந்தார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சு. கடைசியில் அப்பா சொல்லிவிட்டார்.

"லீவு முடியறதுக்குள்ள ஒரு நாள் வந்து பார்க்கறேன். உனக்கு இது வரும்னு தோணிச்சுன்னா படி. இல்லேன்னா மறுபேச்சு பேசாம காமர்ஸ்ல சேர்ந்துடணும். சரியா?"

"சரிப்பா."

"என்ன வேஷம்?"

"இளவரசி."

"வசனம் நிறைய இருக்கா?"

"மூணாவது அங்கம் முழுக்க எல்லாரும் என்னைப் பத்திதான் பேசறாங்க."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

செத்துக் கிடப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை கிடந்து பார்க்க வேண்டும். முதல் ஒத்திகையில் அவள் மூச்சை அடக்கினாள். இளவரசியின் தாயாக வரும் மகாராணி அழுது முடிப்பதற்குள் மூச்சு பொத்துக்கொண்டு வெளியே வந்தது. ராஜா வேஷக்காரர் சிரித்துவிட்டார். அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மூச்சை அடக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, முதுகுப் பக்கமாக விட வேண்டும். மகாராணி ஓங்கி அழும்போது இழுத்துக்கொள்ளலாம், யார் கண்ணும் இந்தப் பக்கம் இருக்காது. கையையும் கழுத்தையும் இரவல் கொடுத்த சாமான் மாதிரி மறந்துவிட வேண்டும். எல்லாம் சரிதான், மகாராணியின் சவுரி முடி மூக்கில் வந்து விழுவதற்கு மட்டும் அவளால் வழி கண்டுபிடிக்க முடியவில்லை.

மகாராணி என்றால் அந்த வேஷத்தைப் பல வருஷமாகப் போடுகிற அம்மாள். குழுவில் அவரை யாரும் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. மேடையில் மகளைக் கட்டிக்கொண்டு கதறுவார், சபை உறைந்து போகும். கதறலுக்கு நடுவே அவள் காதோடு, "கொஞ்சம் தள்ளிப் படுடி, என் முட்டி போச்சு" என்பார். பிணம் தள்ளிப் படுக்க முடியுமா? சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கக்கூட வழியில்லாமல் அவள் கிடப்பாள். ஒரு வாரத்தில் அவள் பெயரே மாறிவிட்டது. "பிணம் எங்கப்பா?" என்று இயக்குநர் கேட்பார். "டீ குடிக்கப் போயிருக்கு சார்" என்று பதில் வரும்.

அப்பா வருகிற நாள் நெருங்கியது. இயக்குநரிடம் போய் நின்றாள்.

"சார், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரி. சாகறதுக்கு முன்னாடி ஏதாவது சொல்ற மாதிரி..."

"நீ பேசிட்டா அப்புறம் மகாராணி எதுக்கும்மா அழணும்?" என்று சொல்லிவிட்டு அவர் விளக்குக்காரரைத் தேடிப் போய்விட்டார்.

அப்பா வந்தார். மாலைக் காட்சி. அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் தனியாக. இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை அவள் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் அங்கத்தில் அவளைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். கண் மூடியிருந்தாலும் காது திறந்துதானே இருக்கிறது? மகாராணி ஆரம்பித்ததும் அப்பாவின் செருமல் கேட்டது. ஆயிரம் பேரில் தெரியும் அவளுக்கு அந்தச் செருமல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் நடைபாதையில் போயிற்று. கதவு திறந்து மூடியது.

போய்விட்டார். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அழுகை வந்தது. விழுங்கினால் கழுத்து அசையும், அதனால் விழுங்கவில்லை. கண் ஓரத்தில் ஈரம் கசிந்ததை மட்டும் தடுக்க முடியவில்லை. மகாராணி அதைப் பார்த்துவிட்டார். அழுதபடியே குனிந்து, மகளின் முகத்தைத் தடவுகிறவர் போல உள்ளங்கையால் அந்த ஈரத்தைத் துடைத்தார். ஒத்திகையில் இல்லாத அசைவு அது. சபையில் யாரோ விசும்பினார்கள். அன்றைக்குக் கிடந்த மாதிரி அவள் அந்தக் கோடை முழுவதும் கிடந்ததில்லை.

எல்லோரோடும் கைகோத்து நின்று சபைக்கு வணக்கம் சொல்லிவிட்டு, முகத்து வெள்ளை மாவைக்கூடக் கலைக்காமல் வெளியே ஓடினாள். அப்பா வேனில் டிரைவர் சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காமர்ஸ்லயே சேர்ந்துடறேம்பா" என்றாள். கேட்கிற வரைக்கும் காத்திருக்க அவளால் முடியவில்லை.

"ஏன்?"

"நீங்கதான் பாதியில எழுந்து போயிட்டீங்களே."

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"உன் வயிறு அசையுதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அசையவே இல்ல."

"அப்பா, அது நாடகம்பா. நான் உயிரோடதானே..."

"தெரியாதா எனக்கு? தெரிஞ்சும் உட்கார முடியல. உனக்கு வருது. நல்லாவே வருது. சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீ படி. ஆனா என்னை மட்டும் இனிமே கூப்பிடாத."

ஜெயித்துவிட்டாள். துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். ஆனால் வேன் படியில் உட்கார்ந்து அழுதாள். யாருக்குக் காட்டத்தான் இத்தனை பாடு பட்டாளோ, அவரே வர மாட்டேன் என்கிறார்.

"முடிஞ்சதும் எல்லாரும் வந்து நிப்பாங்களாமே" என்றார் அப்பா. "நீயும் எழுந்து வந்தியா?"

"வந்தேன்."

"அதை நான் பார்த்திருக்கணும்."

அவள் படிப்பை முடித்தாள், அதே குழுவில் சேர்ந்தாள். பேசுகிற வேஷங்கள் வந்தன, சாகாத வேஷங்களும் நிறைய. அப்பா எதையும் பார்த்ததில்லை. வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே இருப்பார். உள்ளே கைதட்டல் ஆரம்பித்ததும் கதவுக்காரர் அவருக்குக் கையசைப்பார். வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார். மகள் எழுந்து, மற்றவர்களோடு நிற்கிறாளா என்று பார்ப்பார். பார்த்துவிட்டு வண்டியை எடுக்கப் போய்விடுவார்.