படத்தில் சிரிக்கும் ஸப்ஹா

விருந்துக்குப் போன வீட்டில் தேநீர்க் கெண்டியின் மூடியைத் தூக்கி மூக்கை உள்ளே விடுகிறாள் ஸப்ஹா. வீட்டுக்காரிக்கு முகம் கடுகடுக்கிறது.

"என்னக்கா, வெஷமா கலந்து வெச்சிருக்கேன்?"

"சக்கரை போதுமான்னு பாத்தேன்டி."

சினாய் மலையில் சர்க்கரையை மூக்கால் அளக்கிறவள் இவள் ஒருத்திதான். அடுத்து, சுவரில் தொங்கும் இலைக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். அதன் பிறகே உட்காருவாள். ஐம்பத்தெட்டு வயது, பதினேழு ஆடுகள், முன்பல் இரண்டு இல்லை. ஊர் வைத்த பெயர் 'சுங்க அதிகாரி'.

ஒன்பது வருடத்துக்கு முன் பாரம்பரிய மூலிகை அறிவைப் புத்தகம் போட்டுக் காப்பாற்றக் கெய்ரோவிலிருந்து இரண்டு ஜீப்புகள் வந்தன. காப்பாற்ற ஒரு பிற்பகலை ஒதுக்கியிருந்தார்கள். படம் எடுத்தவர் கல்யாண வீடுகளில் எடுப்பவர். செடிகளைச் சிரிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"கொழந்தைக்கு வயித்துவலின்னா எந்த இலை குடுப்பீங்கம்மா?" என்று ஸப்ஹாவைக் கேட்டார்கள்.

அந்த இலை உச்சிப் பாறை இடுக்கில் மட்டும் முளைக்கும். மொத்தம் நாற்பது செடி தேறினால் அதிகம். முன்பு ஒரு வியாபாரிக்கு வேறொரு மூலிகையைக் காட்டி, அடுத்த வசந்தத்தில் அந்தச் சரிவே மொட்டையாகிக் கிடந்ததைப் பார்த்தவள் ஸப்ஹா. ஆகவே கையை நீட்டி, ஓடை மணலில் மண்டிக் கிடந்த ஒரு நச்சுச் செடியைக் காட்டினாள். ஆடுகூட வாய் வைக்காது. பட்டணத்துக்காரர்களுக்கு டாக்டர் இருக்கிறார், இதையா காய்ச்சிக் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

புத்தகம் வழவழவென்று வந்தது. வந்த இடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடம். நச்சுச் செடிக்குப் பக்கத்தில் ஸப்ஹா, பல் இல்லாமல் சிரிக்கிறாள். புத்தகத்தின் அந்தப் பக்கம் இப்போது இளம் தாய்மார்களின் கைப்பேசிகளில் இருக்கிறது.

வாத்தியாரிடம் போய், தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டாள். அவர் பரிவோடு கேட்டுக்கொண்டார். "வயசானா மறதி வரும்மா. அதுக்குத்தானே புத்தகம்?"

நிஜ இலையைக் காட்டலாம் என்றால், மழை பொய்த்த மூன்று வருடங்களில் உச்சியில் ஒரு செடியும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்துதான் ஊர்க் கெண்டிகளில் மூக்கை நுழைக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்தபோது, அந்த நச்சுச் செடியின் வாடை அவள் வீட்டிலேயே அடித்தது. தூர் நகரத்திலிருந்து வந்த மருமகள் ரிஹாபின் மடியில் இரண்டு மாதப் பேரன் காலை மடக்கி வீறிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் கஷாயம் ஆறிக்கொண்டிருந்தது.

"குடுக்காத மவளே! அது வெஷம். அவங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

"உங்க படமே போட்டிருக்கு மாமி. ஊருக்கெல்லாம் மருந்து, என் புள்ளைக்குன்னா வெஷமா?"

"அல்லா மேல ஆணையா..."

"அப்ப நெசமான இலை எங்க? கொண்டாங்க, பாப்போம்."

"அது... இப்ப இல்ல."

"இல்லியா! நல்லாருக்கு." ரிஹாப் கரண்டியை எடுத்தாள்.

கொட்டினால் இன்னொரு கெண்டி காய்ச்சுவாள். இங்கே இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில். ஸப்ஹா குவளையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கசப்பில் தோள் குலுங்கியது.

"வெஷம்னா கண்ணுல கருப்பு விரியும். எவ்ளோ பெருசாவுதுன்னு பாத்துக்கிட்டே இரு" என்றாள். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பி உட்கார்ந்து, இரண்டு இமைகளையும் விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.