புட் ஆஃபும் கால் ஆஃபும்

மாம்பழம் அறுக்கும் கத்தி விரலில் பட்டு, முந்தானையைச் சுற்றிக்கொண்டு நான் மேனேஜரின் அறைக்குள் நுழைந்த கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலுதவிப் பெட்டி அங்கேதான் இருந்தது. சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை அது. நான் அறுக்கும் மேசையில் நின்றேன். நைனா, எங்கள் அப்பா, லாரியில் டின் ஏற்றினார். அக்கா மட்டும் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். கூலி வேலையே கதியென்றிருந்த எங்கள் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

வெளிநாட்டு வியாபாரம் திறந்துவிட்ட புதிது. வளைகுடாவுக்குப் போகவேண்டிய எங்கள் முதல் சரக்கு, காலி டின்கள் வந்து சேராததால் இரண்டு வாரம் தாமதமாகிவிட்டது. அதைத் தெரிவிக்கும் ஃபேக்ஸை மேனேஜர் சொல்லச் சொல்ல அக்கா அடித்துக்கொண்டிருந்தாள். “ஷிப்மெண்ட் ஈஸ் கால்ட் ஆஃப்” என்றதும் அவள் விரல்கள் நின்றுவிட்டன.

“சார், கால் ஆஃப்னா ஒரேடியா ரத்து பண்றது. தள்ளிப்போடறதுக்கு புட் ஆஃப்னு வரணும்.”

மேனேஜரின் முகம் சிவந்தது. “நாகே இங்கிலீஷ் நேர்ப்பிஸ்தாவா?” என்றார் தெலுங்கில். எனக்கே இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கிறாயா என்று அதற்குப் பொருள். “நான் சொன்னத அடி.”

‘அடிச்சிடு அக்கா’ என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் நினைத்தால் எங்கள் மூவரையும் அன்றே வெளியே அனுப்பலாம். அவள் என் பக்கமே திரும்பவில்லை. இரண்டு தாள்களை அடித்தாள்: ஒன்றில் அவர் சொன்னது, மற்றதில் அவளுடையது. இரண்டையும் அவர் மேசைமேல் வைத்தாள்.

“நீங்க சொன்னத அனுப்பினா, சரக்கே வராதுன்னு அவங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க சார். எதுல கையெழுத்து போடறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் திருப்பதியில் கல்லூரி ஆசிரியராக இருந்த தன் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வாக்கியங்களையும் படித்துக் காட்டினார். மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ரிசீவரை வைத்தார். இரண்டாவது தாளில் கையெழுத்திட்டார். இரண்டு வாரம் காத்திருப்பதாக மறுநாளே பதில் வந்தது.

சாயங்காலம் விஷயம் கேட்டு நைனா பதறிவிட்டார். “வேல போயிருந்தா இன்னாமே பண்ணியிருப்ப?”

“தப்புன்னு தெரிஞ்சிகினே எப்டி நைனா அடிக்கிறது?” என்றாள்.

மறுநாள் லாரிக்காரர்களிடமெல்லாம் நைனா அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, பெங்களூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்துக்கு அக்கா விண்ணப்பித்தாள். இன்று அதே ஊரில் பத்துப் பேர் எழுதும் கடிதங்கள் அவள் பார்வைக்குப் பிறகுதான் வெளியே போகின்றன. அன்று அந்த விண்ணப்பத்துக்காகப் பரிந்துரைக் கடிதத்தை மேனேஜரே பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அவளைப் பற்றிய அந்தப் பாராட்டில் இரண்டு பிழைகள் இருந்தன. அக்கா அவற்றைத் திருத்தி, தட்டச்சு செய்து நீட்டினாள். அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.